டிராக்டர் என்ஜின் ஆயிலை எப்போது மாற்றுவது? பழைய ஆயில் பரிசோதனை தரும் விடை

கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் வழியில், காடும் மேடும் சூழ்ந்த பகுதியில் அமைந்துள்ளது நாட்றாம்பாளையம். கேழ்வரகு, கொள்ளு, நிலக்கடலை, அவரை ஆகியவை இப்பகுதியின் முக்கிய மானாவாரிப் பயிர்கள். கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் தக்காளியும் பிற காய்கறிகளும் பயிராகின்றன. மானாவாரி நிலத்தில் மழை பெய்த இரண்டு மூன்று நாட்களுக்குள் உழுது விதைத்தாக வேண்டும். அந்த நாட்களில் டிராக்டர் நின்றுவிட்டால், அதன் சொந்தக்காரருக்கு மட்டுமன்றி, அதை வாடகைக்கு எதிர்பார்த்திருக்கும் பத்துப் பதினைந்து குடும்பங்களுக்கும் ஈரம் போய்விடும். பழுது பார்க்கும் பெரிய பட்டறைகளோ தேன்கனிக்கோட்டையிலும் ஓசூரிலும்தான் உள்ளன.

டிராக்டர் என்ஜின் திடீரென்று பழுதாவது மிகவும் குறைவு. பல வாரங்களுக்கு முன்பே உள்ளே தேய்மானம் தொடங்கிவிடுகிறது. அதன் அடையாளம் என்ஜின் ஆயிலில் பதிந்துவிடுகிறது. மருத்துவர் சில துளி இரத்தத்தைப் பரிசோதித்து உடலின் நிலையை அறிவது போல, ஒரு சிறிய பாட்டில் பழைய ஆயிலைப் பரிசோதித்து என்ஜினின் நிலையை அறிய முடியும். அந்த ஆயிலை இன்னும் எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்பதையும் அறிய முடியும். இப்பரிசோதனை என்ன, யாருக்குப் பயன்படும், யாருக்குத் தேவையில்லை, ஆய்வுக்கூடத்துக்குப் போகாமலேயே நீங்கள் செய்து பார்க்கக் கூடியவை எவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஆயில் செய்யும் வேலைகள்

தேய்மானத்தைக் குறைப்பது மட்டும்தான் ஆயிலின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு ஐந்து வேலைகள் உள்ளன. உராயும் பாகங்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைக் குறைக்கிறது. பிஸ்டன், பேரிங் ஆகியவற்றின் சூட்டை எடுத்துச் செல்கிறது. பிஸ்டன் ரிங்குகளுக்கும் லைனருக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைத்துக் கம்ப்ரஷனைக் காக்கிறது. டீசல் எரிவதால் உண்டாகும் புகைக்கரியையும் அழுக்கையும் தன்னுள் மிதக்க வைத்துச் சுமக்கிறது. எரியும்போது தோன்றும் அமிலங்களை முறித்துத் துரு பிடிக்காமல் தடுக்கிறது.

கடைசி இரண்டு வேலைகளையும் செய்வதற்காக ஆயிலில் சில இரசாயனப் பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. இவை நாளடைவில் செலவாகிவிடும். அடிப்படை எண்ணெய் எளிதில் கெடுவதில்லை. அதில் சேர்த்த சரக்கு தீர்ந்துபோவதாலும், வெளிப்பொருட்கள் கலப்பதாலுமே ஆயிலை மாற்ற வேண்டியிருக்கிறது.

கறுத்த ஆயில் கெட்ட ஆயிலா?

டீசல் என்ஜினில் புதிய ஆயிலை ஊற்றிச் சில மணி நேரம் ஓட்டியவுடனேயே அது கறுத்துவிடும். இதைக் கண்டு ஆயில் கெட்டுவிட்டது என்று முடிவு செய்வது தவறு. கரியை ஓரிடத்தில் படியவிடாமல் ஆயில் தன்னுள் வைத்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். வெகுநாள் ஓட்டியும் கறுக்காத ஆயில்தான் சந்தேகத்துக்குரியது. கரி என்ஜினுக்குள்ளேயே படிந்துகொண்டிருக்கலாம். அதேபோல விரலில் தேய்த்துப் பார்த்து, "வழவழப்பு இருக்கிறது, இன்னும் ஓடும்" என்று சொல்வதையும் நம்ப இயலாது. அமிலத்தை முறிக்கும் திறன் தீர்ந்துபோயிருந்தாலும் வழவழப்பு அப்படியேதான் இருக்கும்.

பரிசோதனை பிறந்த கதை

இம்முறை முதலில் ரயில் என்ஜின்களுக்காகவே வளர்ந்தது. அமெரிக்காவில் டென்வர் அண்டு ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில் நிறுவனம் 1940களில் தனது டீசல் என்ஜின்களின் ஆயிலில் கலந்துள்ள உலோகங்களை நிறமாலைக் கருவி கொண்டு அளக்கத் தொடங்கியது. பேரிங் உடைவதற்கு முன்பே அதன் உலோகம் ஆயிலில் கூடுவதைக் கண்டறிந்து, என்ஜினை நிறுத்திப் பழுது பார்த்தனர். பின்னர் விமானப் படைகளும் சுரங்கங்களில் மண் வாரும் இயந்திரங்களை ஓட்டுவோரும் இதைப் பின்பற்றினர்.

நம் நாட்டிலும் இது புதிதன்று. வாராணசியில் 1964 முதல் தயாரிக்கப்பட்ட 2600 குதிரைத் திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.2 டீசல் ரயில் என்ஜின்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த என்ஜினில் சுமார் 900 லிட்டர் ஆயில் பிடிக்கும். அதைக் கணக்குப் பார்க்காமல் நாள் குறித்து வடித்துக் கொட்ட யாருக்கும் மனம் வராது. எனவே பொன்மலை, ஈரோடு, பெங்களூருவை அடுத்த கிருஷ்ணராஜபுரம் போன்ற டீசல் பணிமனைகளில் ஆய்வுக்கூடங்கள் அமைத்து, ஒவ்வொரு என்ஜினின் ஆயிலையும் முறையாக எடுத்துப் பரிசோதித்து வந்தனர். ஆயிலை எப்போது மாற்றுவது என்பது மட்டுமல்ல, எந்த என்ஜினைப் பிரிப்பது என்பதும் அந்தப் பரிசோதனையால் முடிவாயிற்று.

நம் டிராக்டரில் 900 லிட்டர் இல்லை. 6 முதல் 8 லிட்டர் வரைதான் பெரும்பாலும் பிடிக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள். யாருக்கு இப்பரிசோதனை லாபம் தரும் என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் என்ன பார்க்கிறார்கள்?

1. பாகுநிலை: ஆயில் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அளக்கிறார்கள். இப்போது டிராக்டர்களில் பெரிதும் பயன்படும் 15டபிள்யூ-40 ரக ஆயிலின் பாகுநிலை புதிதாக இருக்கும்போது 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும். இது குறைந்தால் டீசல் கலந்திருக்கலாம். கூடினால் கரி மிகுந்திருக்கலாம், அல்லது சூட்டினால் ஆயில் முறுகியிருக்கலாம். புதிய ஆயிலின் அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எந்தப் பக்கம் மாறினாலும் ஆயிலை வைத்திருக்கக் கூடாது.

2. காரத் திறன்: அமிலத்தை முறிக்கும் சரக்கு எவ்வளவு மீதியுள்ளது என்பதை இது காட்டும். ஆய்வறிக்கையில் இது டி.பி.என். என்று குறிக்கப்படும். புதிய டீசல் என்ஜின் ஆயிலில் இது சுமார் 10 என்ற அளவில் இருக்கும். பாதியாகக் குறையும்போது ஆயிலை மாற்றுவது நல்லது.

இங்கு ஒரு மாற்றத்தை அறிந்துகொள்ள வேண்டும். 1990களின் நடுப்பகுதி வரை நம் நாட்டில் விற்ற டீசலில் 1 விழுக்காடு வரை கந்தகம் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்டிருந்தது. 1 விழுக்காடு என்பது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வந்துள்ள பி.எஸ்.6 டீசலில் இந்த அளவு 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகம் எரிந்து உண்டாகும் அமிலமே ஆயிலின் காரத் திறனைப் பெரிதும் தின்று வந்தது. எனவே அந்நாளில் சொன்ன மாற்றும் கணக்கு இந்நாளில் அப்படியே பொருந்துவதில்லை. ஆனால் தூசியும் தண்ணீரும் அன்று போலவே இன்றும் உள்ளன என்பதை மறக்கக் கூடாது.

3. தண்ணீர்: 0.2 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் இருந்தால் அது ஆபத்து. ஹெட் கேஸ்கட் பழுது, லைனர் அடியிலுள்ள ரப்பர் வளையத்தில் கசிவு ஆகியவற்றால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் இறங்கும். என்ஜின் சூடேறும் முன்பே அடிக்கடி நிறுத்தினாலும் உள்ளே நீர்த்துளிகள் தங்கும்.

4. டீசல் கலப்பு: 2 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் இன்ஜெக்டர் நாசில்களையும் பம்பையும் சோதிக்க வேண்டும். 5 விழுக்காட்டை எட்டினால் காரணத்தைச் சரிசெய்து ஆயிலை உடனே மாற்ற வேண்டும்.

5. புகைக்கரி: இதன் அளவு 3 விழுக்காட்டை நெருங்கினால் கவனம் தேவை. காற்று வடிகட்டி அடைப்பு, நாசில் பழுது, அளவுக்கு மீறிய பளு ஆகியவை இதற்குக் காரணங்களாகும்.

6. தேய்மான உலோகங்கள்: நிறமாலைக் கருவியில் ஆயிலை எரித்து அந்த ஒளியைப் பகுத்தால், எந்த உலோகம் எவ்வளவு உள்ளது என்று தெரியும். இதைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, அதாவது பி.பி.எம்., என்ற அளவில் குறிப்பிடுவர். இரும்பு கூடினால் லைனர், கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட் ஆகியவை தேய்கின்றன. அலுமினியம் பிஸ்டனையும், குரோமியம் பிஸ்டன் ரிங்கையும், ஈயம், தாமிரம், வெள்ளீயம் ஆகியவை பேரிங்கையும் புஷ்களையும் குறிக்கும். சிலிக்கான் தோன்றினால் மண் தூசி உள்ளே போகிறது என்று பொருள்.

7 லிட்டர் ஆயில் சுமார் 6 கிலோ எடை இருக்கும். அதில் 100 பி.பி.எம். இரும்பு என்றால் மொத்தமே அரை கிராமுக்குச் சற்று அதிகமான இரும்புதான். கண்ணுக்கோ விரலுக்கோ தெரியாத இந்த அரை கிராமைக் கருவி எண்ணிச் சொல்லிவிடுகிறது. இதுவே இப்பரிசோதனையின் சிறப்பு.

இதற்கு ஒரு குறையும் உண்டு. மிக நுண்ணிய துகள்களையே நிறமாலைக் கருவி காணும். பேரிங்கிலிருந்து பெயர்ந்து விழும் பெரிய செதில்களை அது காணாது. அவை ஆயில் ஃபில்டரிலும், சம்ப்பின் அடியிலும் தங்கிவிடும். ஆகவே ஆய்வறிக்கை நன்றாக இருந்தாலும், ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

ஓர் எண் போதாது, போக்கைப் பாருங்கள்

"இரும்பு எத்தனை பி.பி.எம். இருந்தால் ஆபத்து?" என்று கேட்பது இயல்பு. எல்லா என்ஜின்களுக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. எத்தனை மணி ஓடிய ஆயிலில் அந்த அளவு வந்தது என்பதையும், முந்தைய பரிசோதனையில் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு டிராக்டரில் புதிய ஆயில் ஊற்றி 100 மணி ஓடியபோது இரும்பு 22; 200 மணியில் 46; 250 மணியில் 58 என்று வைத்துக்கொள்வோம். மணிக்குச் சுமார் 0.23 வீதம் சீராகக் கூடுகிறது. இது இயல்பான தேய்மானம். ஆயிலை மாற்றியபின் 100 மணியில் இரும்பு 25, சிலிக்கான் 8. ஆனால் 150 மணியில் இரும்பு 71, சிலிக்கான் 34 என்று வருகிறது. இடைப்பட்ட 50 மணியில் இரும்பு 46 கூடியிருக்கிறது. அதாவது மணிக்கு 0.92. முன்னைவிட நான்கு மடங்கு! 71 என்பது தனியாகப் பார்த்தால் பெரிய எண் அன்று. போக்கைப் பார்த்தால்தான் பயங்கரம் புரிகிறது. சிலிக்கானும் சேர்ந்து கூடியுள்ளதால் காற்று வடிகட்டிக்கும் என்ஜினுக்கும் இடையே உள்ள ரப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம், அல்லது கிளிப் தளர்ந்திருக்கலாம். இதைச் சரிசெய்து ஆயிலை மாற்றினால் என்ஜின் பிழைத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் அடுத்த பட்டத்துக்குள் லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற நேரிடும்.

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஆயில் குறைந்ததற்காக மேல் ஊற்றினால் எண்கள் குறைந்து தோன்றும். 7 லிட்டரில் 1 லிட்டர் குறைந்து, மீதியில் இரும்பு 70 இருந்தால், புதிய ஆயில் 1 லிட்டர் ஊற்றியதும் அது 60 ஆகக் காட்டும். தேய்மானம் குறைந்துவிடவில்லை, நீர்த்துப்போயிருக்கிறது, அவ்வளவே. எனவே மேல் ஊற்றிய அளவை எழுதி வையுங்கள். மற்றொன்று, புதிய என்ஜினிலும், அண்மையில் பிரித்துப் பூட்டிய என்ஜினிலும் கேஸ்கட் பசையிலிருந்து சிலிக்கான் வரும். பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் வரை இரும்பும் கூடுதலாக வரும். இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

மாதிரி எடுக்கும் முறை

மாதிரி சரியில்லை என்றால் பரிசோதனையும் சரியிராது. பின்வரும் முறையைக் கடைப்பிடியுங்கள்.

1. டிராக்டரை வேலையில் ஓட்டி என்ஜின் நன்கு சூடேறியபின், நிறுத்திய சில நிமிடங்களுக்குள் மாதிரி எடுக்க வேண்டும். குளிர்ந்த ஆயிலில் அழுக்கு அடியில் படிந்துவிடும்.

2. ஆயில் அளவுக்கம்பி செருகும் துளை வழியே புதிய பிளாஸ்டிக் குழாயை விட்டுக் கைப்பம்பினால் உறிஞ்சி எடுப்பது சிறந்தது. வடிப்புத் துளை வழியே எடுப்பதானால், முதலில் வரும் ஆயிலை விட்டு, பாதி வடிந்துகொண்டிருக்கும்போது பிடிக்க வேண்டும்.

3. ஆய்வுக்கூடம் தரும் பாட்டிலையே பயன்படுத்துங்கள். 100 மில்லி பெரும்பாலும் போதும். தண்ணீர் பாட்டில், மருந்து பாட்டில், பூச்சிமருந்து டப்பா ஆகியவை கூடாது. ஒரு சிட்டிகை புழுதி விழுந்தாலும் சிலிக்கான் எகிறிவிடும்.

4. மேல் ஆயில் ஊற்றும் முன்பே மாதிரி எடுங்கள்.

5. டிராக்டரின் வகை, மொத்தம் ஓடிய மணி, இந்த ஆயில் ஓடிய மணி, ஆயிலின் பெயரும் ரகமும், மேல் ஊற்றிய அளவு, தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். முதல் முறை, அதே ஆயிலின் புதிய டப்பாவிலிருந்தும் ஒரு மாதிரி அனுப்புங்கள். எதிலிருந்து எவ்வளவு மாறியது என்பது அப்போதுதான் தெரியும்.

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் கட்டணம் பெற்றுக்கொண்டு பரிசோதிக்கும் தனியார் ஆய்வுக்கூடங்கள் உள்ளன. மொத்தமாக வாங்குவோருக்கு ஆயில் நிறுவனங்களும் இவ்வசதியைச் செய்து தருவதுண்டு.

யாருக்கு லாபம்?

இங்குதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டிராக்டர் ஆண்டுக்கு 750 மணி ஓடுவதாகவும், கையேட்டில் 250 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லியிருப்பதாகவும் கொள்வோம். ஆண்டுக்கு மூன்று முறை மாற்ற வேண்டும். பரிசோதனை செய்து 300 மணிக்கு நீட்டித்தால் ஆண்டுக்கு இரண்டரை முறை ஆகும். மிச்சம் அரை முறை, அதாவது 3 அல்லது 4 லிட்டர் ஆயில். ஒவ்வொரு முறையும் பரிசோதனைக் கட்டணமும் அனுப்பும் செலவும் கொடுத்தால் இந்த மிச்சம் கரைந்துவிடும். எனவே ஒரே டிராக்டர் வைத்திருக்கும் உழவர், ஆயில் மாற்றும் காலத்தை நீட்டிப்பதற்காகப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை. கையேட்டில் சொன்ன மணிக்கு மாற்றிவிடுவதே சிக்கனம். கையேடு சொல்வதற்கு மேல் நீட்டித்து அதனால் பழுது நேர்ந்தால் உத்தரவாதமும் கிடைக்காமல் போகலாம்.

அப்படியானால் பரிசோதனை யாருக்குப் பயன்படும்? பத்துப் பன்னிரண்டு டிராக்டர்களை ஓட்டும் வாடகை மையங்கள், உழவர் குழுக்கள், அறுவடை இயந்திரம் வைத்திருப்போர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளை நடத்துவோர் ஆகியோருக்குப் பயன்படும். ஆயிலின் அளவும் என்ஜினின் விலையும் கூடக்கூடப் பரிசோதனையின் லாபமும் கூடும். இவர்கள் கையேட்டின் மணியிலேயே மூன்று முறை தொடர்ந்து பரிசோதித்து, பாகுநிலை, காரத் திறன், உலோகங்களின் போக்கு எல்லாம் சரியாக இருந்தால், உத்தரவாதக் காலம் முடிந்த என்ஜின்களில் மட்டும் ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கு வீதம் நீட்டித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு நீட்டிப்புக்குப் பின்னும் மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

ஒரு டிராக்டர்க்காரருக்கும் மூன்று வேளைகளில் இது கைகொடுக்கும். பழைய டிராக்டர் ஒன்றை விலை பேசும்போது. ஆயில் மட்டம் காரணமின்றிக் கூடும்போது அல்லது வேகமாகக் குறையும்போது. புகை, சத்தம் ஆகியவை மாறி என்ஜினைப் பிரிக்கலாமா என்று யோசிக்கும்போது. பிரித்து வேலை பார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் பரிசோதனைக் கட்டணம் மிகச் சிறிது. பழைய டிராக்டர் வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்பவர் முந்தைய நாள்தான் ஆயிலை மாற்றியிருந்தால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. குறைந்தது 50 மணியாவது ஓடிய ஆயிலைக் கேட்டு வாங்குங்கள்.

நம் பகுதியில் மணியைக் குறைக்க வேண்டிய இடங்கள்

நாட்றாம்பாளையம் போன்ற பகுதிகளில் நீட்டிப்பதைவிட, சில வேளைகளில் முன்கூட்டியே மாற்றுவதே தேவையாகிறது. கோடை உழவின்போதும், காய்ந்த நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டும்போதும் செம்மண் புழுதி டிராக்டரையே மறைத்துவிடுகிறது. ராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும்போதும், மேட்டுச் சாலைகளில் டிரெய்லர் இழுக்கும்போதும் என்ஜின் நெடுநேரம் முழுப் பளுவில் ஓடுகிறது. இதற்கு மாறாக, மார்கழி, தை மாதக் குளிரில் தண்ணீர் டேங்கரை அரை கிலோமீட்டர் இழுத்து நிறுத்திவிடுவதும் கெடுதலே. என்ஜின் சூடேறாததால் நீரும் டீசலும் ஆயிலில் தங்கிவிடும். இத்தகைய வேலைகள் மிகுந்த பருவத்தில் கையேட்டு மணியில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஆண்டு முழுவதும் குறைவாகவே ஓடினாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும்.

ஆயில் தொட்டி வகைக் காற்று வடிகட்டியாக இருந்தால், புழுதி வேலை நாட்களில் தினமும் திறந்து பாருங்கள். அடியில் சேறு சேர்ந்திருந்தால் கழுவிப் புதிய ஆயில் ஊற்றுங்கள். தாள் வடிகட்டியாக இருந்தால் அதைத் தரையில் அடித்துத் தட்டுவதும், அழுத்தமான காற்றை நெருங்கிப் பிடித்து ஊதுவதும் கூடாது; தாள் கிழிந்தால் புழுதி நேரே உள்ளே போகும். என்ஜின் ஆயிலுக்குச் செய்யும் செலவைவிட, காற்று வடிகட்டிக்குக் காட்டும் கவனமே என்ஜினின் ஆயுளைக் கூட்டும்.

மணி மீட்டர் ஓடவில்லையா? டீசல் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். 35 முதல் 45 குதிரைத் திறன் டிராக்டர் உழவில் மணிக்குச் சுமார் 4 லிட்டர் டீசல் குடிப்பதாகக் கொண்டால், 250 மணி என்பது 1000 லிட்டர் டீசல். எரிந்த டீசலின் அளவுக்கேற்பவே கரியும் அமிலமும் ஆயிலில் சேர்வதால், இது மணிக் கணக்குக்குச் சற்றும் குறைந்ததன்று.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகள்

தாள் சோதனை: சூடான ஆயிலில் அளவுக்கம்பியை நனைத்து, ஒரு துளியை வடிதாளிலோ மை ஒற்றும் தாளிலோ விடுங்கள். தாளின் அடியில் எதுவும் படாதவாறு ஒரு டம்ளரின் மீது வைத்துச் சில மணி நேரம் காய விடுங்கள். கறுப்பு நிறம் நடுவிலிருந்து ஓரம் வரை படிப்படியாக மங்கிப் பரவியிருந்தால், ஆயில் கரியைச் சுமக்கும் திறனோடு உள்ளது. நடுவில் மைப்பசை போல் அடர்ந்து, கோடு போட்டாற்போல் ஓரம் நின்றுவிட்டால் திறன் தீர்ந்துவிட்டது, மாற்றுங்கள். வெளியே வெளிறிய அகன்ற வளையம் தெரிந்தால் டீசல் கலப்பு இருக்கலாம். ஒவ்வொரு 50 மணிக்கும் ஒரு துளி விட்டுத் தேதி எழுதி, தாள்களை ஒரு நோட்டில் ஒட்டிவந்தால் மாற்றம் கண்ணெதிரே தெரியும்.

சட்டிச் சோதனை: ஓர் இரும்புத் தட்டை, தண்ணீர் தெளித்தால் சீறி ஓடும் அளவுக்குச் சூடாக்கி அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு துளி ஆயிலை விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர் உள்ளது. முகத்தை விலக்கி, கண்ணாடி அணிந்து செய்ய வேண்டும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது.

ஓட்டச் சோதனை: ஒரு கண்ணாடித் துண்டில் புதிய ஆயில் ஒரு துளியும் பழைய ஆயில் ஒரு துளியும் அருகருகே விட்டுச் சாய்த்துப் பிடியுங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். பழையது வெகுவாக முந்தி ஓடினால் டீசல் கலப்பையும், மிகவும் பின்தங்கினால் கெட்டிப்பட்டதையும் குறிக்கும்.

காந்தச் சோதனை: வடித்த ஆயிலில் ஒரு காந்தத்தை அலசி எடுங்கள். மிக மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டுவது இயல்பு. கையில் நெருடும் துகளோ செதிலோ ஒட்டினால் டிராக்டரை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பேரிங், பிஸ்டன் செதில்கள் காந்தத்தில் ஒட்டா என்பதால், ஆயிலை மெல்லிய துணியில் வடிகட்டி வெயிலில் மின்னும் துகள் உள்ளதா என்றும் பாருங்கள்.

மட்டம் பார்த்தல்: காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் சமதளத்தில் நிறுத்தி அளவுக்கம்பியைப் பாருங்கள். மட்டம் கூடியிருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். மேல் ஊற்றாமல் ஆயில் கூடாது. டீசலோ தண்ணீரோ இறங்கியிருக்கிறது. டீசல் வாடை வருகிறதா, நிறம் மோர் போல் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் குறைவதும் அறிகுறியே. 100 லிட்டர் டீசலுக்கு 1 லிட்டருக்கு மேல் ஆயில் செலவாகுமானால் என்ஜினைச் சோதிக்க வேண்டும்.

கார், சரக்கு வேன் வைத்திருப்போருக்கு

மேலே கூறியவை கார், ஜீப், சிறு சரக்கு வேன்களுக்கும் பொருந்தும். மணிக்குப் பதிலாகக் கிலோமீட்டரைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஓசூருக்கு நாள்தோறும் நெடுந்தூரம் ஓடும் வண்டியின் ஆயில் நெடுநாள் தாங்கும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டியின் ஆயில் விரைவில் கெடும். புகை வடிகட்டி பொருத்திய பி.எஸ்.6 டீசல் வண்டிகளிலும், 2023 ஜனவரி முதல் புதிய மாசு விதிக்கு உட்பட்ட 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களிலும் கையேட்டில் குறிப்பிட்ட ரக ஆயிலையே ஊற்ற வேண்டும். சாம்பல் மிகுந்த வேறு ரகம் வடிகட்டியை அடைத்துவிடும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

வடித்த ஆயிலைக் கிணற்று மேட்டிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். நம் பகுதியின் ஓடைகள் காவிரியைத்தான் சேர்கின்றன. மாட்டின் புண்ணுக்குத் தடவுவதும், அடுப்பு எரிக்கப் பயன்படுத்துவதும் தீங்கு. தோலில் அடிக்கடி படுவதால் புற்றுநோய் வரும் அபாயமும் உண்டு. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழைய ஆயில் அபாயகரமான கழிவுகளுக்கான 2016ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டது. மூடியுள்ள டப்பாவில் தண்ணீர் கலக்காமல் சேர்த்து வைத்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்திடம் ஒப்படையுங்கள்.

முடிவாக

உழவர் பெருமக்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி டிராக்டரின் கருவிப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆயில் மாற்றிய தேதி, மணி, ஊற்றிய டீசல், மேல் ஊற்றிய ஆயில், காற்று வடிகட்டி கழுவிய நாள் ஆகியவற்றை அதில் குறித்து, தாள் சோதனைத் துளிகளையும் ஒட்டி வர வேண்டும். ஆய்வுக்கூட அறிக்கை கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். இந்த நோட்டு இரண்டு பட்டம் நிறைவதற்குள் உங்கள் என்ஜினைப் பற்றி வேறு யாரும் சொல்ல முடியாததைச் சொல்லும். ஆடி மழை இறங்கும் அன்று காலையில், டிராக்டர் நிற்குமா ஓடுமா என்ற ஐயமின்றிச் சாவியைத் திருப்பலாம்.